திங்கட்கிழமை சோப்பு

"குளிச்சாச்சா?"

"ஆச்சு மாமா."

"எந்த சோப்பு?"

கல்யாணமான மூன்றாம் நாள், தலையில் ஈரத் துண்டோடு வந்து நின்ற சின்ன மருமகளிடம் மாமனார் கேட்ட முதல் கேள்விகள் இவை. சாப்பிட்டாயா, தூக்கம் வந்ததா, அம்மா நினைப்பு வந்ததா என்று எதுவும் இல்லை. அவள் பிறந்த வீட்டிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்து வந்த சோப்பின் பெயரைச் சொன்னாள். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவன் பேப்பரைத் தன் முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டான்.

"எடுத்துட்டு வாம்மா, பார்க்கலாம்."

கொண்டு வந்து கொடுத்தாள். அவர் நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார், ஜுரம் பார்க்கும் டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். "வாசனைதான். உள்ள சரக்கு இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். "நாம விக்கிறதுதான் நம்ம உடம்புல படணும். நமக்கு ஆகாததை அடுத்தவன் உடம்புக்குக் கொடுக்கக் கூடாது. இந்த வீட்டுல சட்டம் அவ்வளவுதான்."

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க சோப்பும் நேத்து போட்டுப் பார்த்தேன் மாமா. காரம் ஒரு துளி ஜாஸ்தி."

பேப்பருக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது.

"எப்படிச் சொல்ற?"

"நாக்கு நுனியில வெச்சேன். சுர்ருன்னுது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்றாள். "பொண்ணு பார்க்கப் போனப்ப சமையல் தெரியுமா, பாட்டு தெரியுமான்னு ஆயிரம் கேட்டீங்களேடா, இதைக் கேட்டீங்களா?" என்று பேப்பரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார். "ஒரு நாள் ஃபேக்டரிக்கு வா பி.எஸ்ஸி. அந்தத் துளி எங்கேர்ந்து வருதுன்னு காட்டு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயர் பி.எஸ்ஸி. ஆகிவிட்டது. அந்த 'ஒரு நாள்' மட்டும் வரவில்லை. வருஷம் இருபத்தாறு ஓடிவிட்டது.

இன்றைக்குத்தான் முதல்முறையாக ஃபேக்டரிக்குப் போகிறாள். அதை விற்பதற்குக் கையெழுத்துப் போட.

காரில் முன் சீட்டில் மாமனார். ஊழியர்கள், கடைக்காரர்கள், பக்கத்துத் தெரு வரைக்கும் எல்லோருக்கும் அவர் பெரியவர்தான். எண்பத்திரண்டு வயதுக்கு முதுகு இன்னும் வளையவில்லை, முழங்கால்கள்தான் கைவிட்டுவிட்டன. பின் சீட்டில் அவள், ஓரகத்தி, இருவருக்கும் நடுவே ஒரு பழைய தோல் பை. ஓரகத்தியின் கணவரான மூத்தவரும் அவள் கணவனும் முன்னாலேயே போய்விட்டார்கள். திங்கட்கிழமை. காலையில் வழக்கம் போலப் பெரியவர் குளித்துவிட்டு, "இந்த வாட்டி நுரை நல்லா வந்திருக்கு. இதைப் போய் விக்கிறோமே" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். அவள் குனிந்து செருப்பின் வாரைச் சரி செய்தாள். முகத்தைக் காட்டாமல் இருக்க அது ஒரு வசதி.

பெரியவர் ஒற்றைக் கொப்பரையில் ஆரம்பித்தவர். வாடகை வீட்டின் பின்பக்கத்தில் காய்ச்சி, மரச் சட்டத்தில் ஊற்றி, கம்பியால் அறுத்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். கடைக்காரர் வேண்டாம் என்றால் வாதாட மாட்டார். ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். அங்கேயே சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை நுரை போட்டுக் கழுவிவிட்டு, 'மோந்து பாருங்க' என்று கையை நீட்டுவார். மோந்து பார்த்த பிறகும் வேண்டாம் என்று சொன்னவர் யாரும் இல்லை என்பது சரித்திரம். சொன்னவர்களை அவர் சரித்திரத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது மூத்த மகனின் கட்சி.

கொப்பரை ஒன்று பதினாறு ஆயிற்று. பஸ்ஸின் முதுகிலும் ரயில்வே சுவரிலும் குடும்பப் பெயர் ஏறியது. குடும்பப் பெயர்தான் சோப்பின் பெயர். வகுப்பில் வாத்தியார் தன் பெயரைக் கூப்பிட்டால் மற்றப் பையன்கள் மூக்கை உறிஞ்சிக் காட்டுவார்கள் என்று அவள் கணவன் பெருமையும் வெட்கமுமாகச் சொல்வான்.

அவ்வளவு பெரிய ஃபேக்டரியில் ஒரு சோதனைக்கூடம் கிடையாது. வீடுதான் சோதனைக்கூடம். புதுச் சரக்கின் முதல் கட்டிகள், உறை போடாமல், திங்கட்கிழமை விடிந்ததும் வீட்டுக்கு வரும், குளியலறைக்கு ஒன்று. எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் பெரியவர் வரிசையாகக் கேட்பார். தோல் இழுக்குதா? கண் எரிஞ்சதா? வழவழப்பு போகுதா, நிக்குதா? மாமியார் இல்லாத வீடு. அந்த இடத்தில் இந்தக் கேள்விகள்தான் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தன. மூன்று வயதில் அவள் மகள் "நுரை கம்மி தாத்தா" என்று சொன்னதற்காக ஒரு லாரிச் சரக்கு மறுபடி கொப்பரைக்குப் போயிருக்கிறது. அவள் சொன்னதற்காகவும் இரண்டு முறை போயிருக்கிறது. அந்த இரண்டு திங்கட்கிழமைகளும் அவளுக்குத் தேதியோடு நினைவிருந்தன.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மாமா, என்னையும் ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போங்க, எனக்கு அங்க ஒரு வேலை குடுங்க. இவ்வளவு சின்ன வாக்கியம். முதல் வருஷம் கணவன், அவராகக் கூப்பிடுவார், நீயாகக் கேட்டு மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றான். அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அதற்கடுத்து ஒரு தரம் வாயைத் திறக்கப் போனபோது ஓரகத்தி முந்திக்கொண்டு, "ரெண்டு ஆம்பளைங்க பார்க்கற தொழிலுக்கு இவ போய் வாசம் பிடிக்கணுமா?" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். குளிக்கும்போது அந்த வாக்கியத்தை உதட்டசைவில் சொல்லிப் பார்ப்பாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் எந்த வாக்கியமும் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு எண்ணெய் விலை ஏறியது. பெரியவருக்கு முழங்கால் விழுந்து, கொப்பரைக் கொட்டகையைச் சுற்றி வருவது நின்று, முன் ஆபீஸோடு சரி என்று ஆனது. பொறுப்பு மூத்தவர் கைக்கு வந்தது. அவர் எண்ணெயைப் பாதியாக்கி, மாக்கல் தூளைக் கலந்து எடையைச் சரிக்கட்டினார். அந்தத் திங்கட்கிழமை பெரியவர் குளித்துவிட்டு வந்து ஒரே சொல் சொன்னார்: "உருக்கு." சரக்கு முழுக்க மறுபடி கொப்பரைக்குப் போனது. அடுத்த வாரமும் உருக்கு. மூன்றாவது வாரமும்.

மூத்தவர் தம்பியிடம் சொன்னது இதுதான்: "அப்பாவை மாத்த முடியாதுடா. அப்பாவோட சோப்பை மாத்தலாம்."

கணவன் சமையலறைக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினான்.

"உனக்குத்தான் தெரியுமே. பழைய மாதிரி காய்ச்சிக் குடு. வீட்டுக்கு மட்டும், மாசம் நாற்பது கட்டி போதும்."

"கடைக்குப் போறது?"

"அது கடைக்கு."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியக் கூடாதுன்னுதானே உன்கிட்ட வர்றேன்."

புத்தியுள்ள எவளும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் கேட்டது வேறு. "கொப்பரை எவ்வளவு பெருசு?"

அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சுடும்.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற அறை. சனிக்கிழமை மத்தியானம் பெரியவர் ஃபேக்டரி ஆபீஸுக்குப் போகிற நேரம். கணவன் எண்ணெய் டின்னும் காரமும், அதே வாசனைத் தைலமும், குடும்பப் பெயர் பொறித்த அச்சும் கொண்டுவந்து இறக்கினான். அவள் இடுப்பில் கெட்டித் துணியைக் கட்டிக்கொண்டு துடுப்பைப் பிடித்தாள். கலவை தயிர் மாதிரி இறுகி, பிறகு கண்ணாடி மாதிரி தெளிந்து வரும்போது, நாக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள். சுர்ரென்றது. இன்னும் கொஞ்சம் காய்ச்சினாள். சுர்ரென்னவில்லை. ஆள் இல்லாத அறையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஃபேக்டரி வராவிட்டால் என்ன, கொப்பரை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வாயை அடைக்க ஒரு கொப்பரை போதுமாக இருந்தது. வருஷா வருஷம் அவள் சோப்பு மெருகேறியது. திங்கட்கிழமை மேஜையில் பெரியவர் மூத்த மகனைத் தட்டிக்கொடுப்பார்: "பிரமாதம்டா. நான் காய்ச்சினப்ப கூட இப்படி வரல." மூத்தவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அந்தப் பாராட்டைக் கையில் ஏந்தி வந்தது போலத் தட்டுகளைத் தொட்டியில் மெல்ல வைப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், ஏமாற்றியவர்களே ஏமாந்து போனார்கள். வீடு முழுக்க அவள் சோப்பு. மூத்தவரும் அதில்தான் குளித்தார், அவள் கணவனும் அதில்தான் குளித்தான். தாங்கள் விற்பது எது என்பதை உடம்பு மறந்துவிட்டது. கடைகளில் சரக்குத் தேங்கியபோது மூத்தவர் உண்மையாகவே குழம்பினார். "நல்ல சோப்பைக் குடுத்தா மக்களுக்கு ஏன் பிடிக்கலை?" என்று தன் பளபளப்பான முழங்கையைத் தடவிக்கொண்டே கேட்பார். உறையை மாற்றினார்கள். விளம்பர நடிகையை மாற்றினார்கள். பச்சை நிறத்தை இளம்பச்சை ஆக்கினார்கள். கல்லூரி விடுதியிலிருந்து மகள் போன் செய்து, நம்ம சோப்பைக் கடையில் வாங்கினேன், உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது என்றாள். வீட்டிலிருந்து அனுப்புகிறேன், கடையில் வாங்காதே என்று இவள் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகளுக்குச் சொன்ன எச்சரிக்கையை ஊருக்கு யார் சொல்வது?

சொல்ல ஒருவர் வந்தார். பெட்டிக்காரர். முப்பது வருஷம் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சோப்பை விற்றவர். ஒரு திங்கட்கிழமை காலை நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கட்டி மூணாம் நாள் வெடிக்குதுங்கய்யா. தண்ணி பட்டா சேறு மாதிரி போகுது. கடைக்காரங்க என்னை வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறாங்க."

பெரியவர் கோபப்படவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், தன் குளியலறையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கட்டியை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "இப்பத்தான் குளிச்சேன். எங்க வெடிக்குது, காட்டு."

பெட்டிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று விளங்குவதை, சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்ற அவள் பார்த்தாள். அவர் நிமிர்ந்தார். மூத்தவரைப் பார்த்தார், அவள் கணவனைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை. அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டம்ளர் சுடுவது போல அதைக் கை மாற்றிக்கொண்டாள்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன்யா" என்றார் பெட்டிக்காரர். கட்டியை மேஜைமேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

வயசாகிவிட்டது, வெயிலில் அலைந்து மூளை குழம்பிவிட்டது, போட்டிக் கம்பெனிக்காரன் விலைக்கு வாங்கிவிட்டான் என்று அன்றைக்கு மேஜையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரியவர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சொந்தச் சோப்பை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? கடைக்குப் போய் ஒரு கட்டி வாங்கிப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தான் காய்ச்சியதைத் தானே காசு கொடுத்து வாங்குகிறவன் உண்டா?

கார் ஃபேக்டரிக்குள் நுழைந்தது. அவள் மனதுக்குள் கட்டி வைத்திருந்த ஃபேக்டரி இதைவிடப் பெரியது. கொட்டகையில் பதினாறு கொப்பரைகளில் மூன்றில்தான் ஆவி வந்துகொண்டிருந்தது. மற்றவற்றின் விளிம்பில் பழைய சோப்பு காய்ந்து செதில் செதிலாகத் தொங்கியது. அவள் கடந்து போகிறபோது ஒன்றின் விளிம்பைத் தொட்டாள். விரலில் ஒட்டிய தூளை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நாக்கில் வைத்தாள். மண்.

ஆபீஸ் அறையில் நீள மேஜை. வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு வக்கீலும், ஒரு இளம் பெண்ணும் வந்திருந்தார்கள். பெண்ணுக்கு முப்பது இருக்கும். கழுத்தில் அட்டை. அந்தக் கம்பெனியின் சோதனைக்கூடத்துக்குத் தலைவி என்று மூத்தவர் அறிமுகம் செய்தார். கெமிஸ்ட்ரி படித்தவளாம். அவள் அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தாள். நகத்தோரம் காரம் பட்ட சின்னத் தழும்பு. தன் கையிலும் அதே இடத்தில் இருந்ததை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

மருமகள்கள் பெயரிலும் எப்போதோ கொஞ்சம் பங்கு எழுதி வைத்திருந்தார்கள். ஐந்து கையெழுத்தும் விழுந்தால்தான் பெயர் கைமாறும் என்று வக்கீல் விளக்கினார். கட்டிடமும் இயந்திரமும் அவர்களுக்கு முக்கியம் இல்லை, பெயர்தான் வேண்டும் என்பதையும் மரியாதையாகச் சொன்னார்.

பெரியவர் பேனாவை எடுக்குமுன் ஒரு விரலை உயர்த்தினார். "ஒரே ஒரு நிபந்தனை. செய்முறையை மாத்தக் கூடாது. இப்ப எப்படி இருக்கோ, அப்படியே."

மூத்தவர் அவசரமாக, அதெல்லாம் பார்த்துக்கொள்வார்கள் அப்பா என்றார்.

அந்தப் பெண் கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "எந்தச் செய்முறை சார்? உங்க பழைய காகிதத்துல இருக்கறதா, இப்ப கடையில வர்றதா? ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையே. கடையில வர்றதுல மூணுல ஒரு பங்கு மாக்கல்."

பெரியவர் சிரித்தார். "யாரோ நம்ம பேர்ல போலி போடறான்மா. பெரிய பேருன்னா அப்படித்தான்."

பெண் பையிலிருந்து உறை பிரிக்காத ஒரு கட்டியை எடுத்து அவர் முன் வைத்தாள். நேற்று தெருமுனைக் கடையில் வாங்கியது, இந்த ஃபேக்டரியின் முத்திரை எண்தான் என்றாள்.

தன் பெயர் அச்சடித்த உறையைப் பெரியவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரித்தார். எங்கே கிழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு முறை விரல் வழுக்கியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. சுரண்டினார். மோந்தார். நாக்கு நுனியில் வைத்தார். பிறகு மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"காலையில நான் குளிச்சது?"

மூத்தவர் ஜன்னலைப் பார்த்தார். ஓரகத்தி தோல் பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். கடைசியில் அவள் கணவன்தான் சொன்னான். சொன்ன விதத்தில் அவளை மேஜையின் நடுவில் தள்ளிவிட்டு அவன் ஒதுங்கிக்கொண்டான்.

"அது இவ காய்ச்சறதுப்பா. வீட்டுல. சனிக்கிழமை."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு மாமா" என்றாள் அவள்.

"பெட்டிக்காரன் வந்து நின்னப்ப?"

"அப்பவும் நான்தான் மாமா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று பொதுவாகக் கேட்டார். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார் என்றார். பெரியவர் இதற்கும் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். திட்டியிருந்தால் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"நல்ல சோப்பும்மா" என்றார் அவளிடம். "என்னோடதைவிட நல்லா இருந்தது. நான் அதை மூத்தவன் கணக்குல எழுதிட்டேன்."

பிறகு பேனாவை எடுத்து, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். இந்தப் பெயரை யார் எடுத்துக்கொண்டு போனால் என்ன என்கிற மாதிரியான கையெழுத்து. மூத்தவர் போட்டார். அவள் கணவன் போட்டான். ஓரகத்தி, எங்கே என்று வக்கீலிடம் கேட்டுப் போட்டாள். காகிதம் சுற்றி வந்து அவள் முன் நின்றது. வக்கீல் காலிக் கோட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று கொப்பரைகளின் ஆவிச் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது.

"போடும்மா" என்றார் மூத்தவர்.

அவள் பேனாவைக் காகிதத்தின் மேல் குறுக்கே வைத்தாள். கணவன் கிசுகிசுப்பாக ஏதோ சொன்னான். அவள் காதில் ஏறவில்லை. பெட்டிக்காரர் நின்ற அந்தக் காலையிலோ, பதினொரு வருஷத்துக்கு முன்னாலோ, அதற்கும் முன்னால் எந்தத் திங்கட்கிழமையிலாவதோ இதைக் கேட்டிருந்தால் இந்த மேஜையே இங்கே இருந்திருக்காது என்பது அவளுக்குத் தெரியும். இப்போது கேட்பது, கடை சாத்திய பிறகு கதவைத் தட்டுவது. பெரியவர் எழுந்து போவதற்குச் சுவரைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றாள். அவர் நின்றார். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் அதை அவள் கேட்டதே இல்லை.

"எனக்கு இந்த ஃபேக்டரியில ஒரு வேலை குடுங்க மாமா."